ஸ்கார்லெட் வேடத்துக்கு விவியன் லீ தேர்வானது குறித்து ஆதாரங்கள் தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். மார்கரெட் மிட்செலின் ‘கான் வித் த விண்ட்’ நாவல் படமானபோது, நாயகி ஸ்கார்லெட் ஓஹாராவாக விவியன் லீ தேர்ந்தெடுக்கப்பட்ட விதம் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

நாயகி முடிவாகாத நிலையிலேயே, 1938 டிசம்பர் 10 இரவு, அட்லாண்டா எரியும் காட்சி படமாக்கப்பட்டது என்பதும், அன்றுதான் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கிடம் அவருடைய அண்ணன் மைரன், விவியன் லீயை அறிமுகப்படுத்தினார் என்பதும் பலரும் அறிந்த செய்திகள். மைரன் நடிகர்களின் முகவராகத் தொழில் செய்தவர் என்பதால், அந்தச் சந்திப்பு தற்செயலாக நிகழ்ந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதைவிட, அதே மாதம் இயக்குநர் ஜார்ஜ் கியூக்கர் பாலெட் கோடார்ட், ஜீன் ஆர்தர், ஜோன் பென்னெட், லீ ஆகிய நால்வரையும் வைத்து எடுத்த சோதனைக் காட்சிகளே முடிவைத் தீர்மானித்தன என்று கருதுகிறேன். டார்ஜிலிங்கில் பிறந்த ஒரு பிரிட்டிஷ் நடிகைக்கு அமெரிக்கத் தென்மாநிலப் பெண்ணின் வேடத்தைத் தரும் துணிவு வேறு எதிலிருந்து வந்திருக்க முடியும்?

அக்காட்சிகளைப் பார்த்தவர்களும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரேன்சம் மையத்திலுள்ள செல்ஸ்னிக் ஆவணங்களின் நகல்களைத் தொலைவிலிருந்து பெறும் வழி அறிந்தவர்களும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். கோடார்டுக்கு வாய்ப்பு நழுவியதற்கு, சாப்ளினுடனான அவருடைய திருமணம் பற்றிய ஐயமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது; அதை உறுதிப்படுத்தும் அல்லது மறுக்கும் அக்காலக் கடிதங்களைப் பக்க எண்ணுடன் சுட்டிக்காட்டினால் பேருதவியாக இருக்கும்.