தீர்மானத்துல வர்ற "வேர்ஆஸ்" (whereas) வரிக்குத் தமிழ்ல என்ன பேர்? நான் "முகாந்திரம்"னு சொல்றேன்

வணக்கம் எல்லாருக்கும்,

தீர்மானத்துல முடிவுக்கு முன்னாடி "இப்படி இருப்பதால்"னு அடிப்படை சொல்ற "வேர்ஆஸ்" வரிக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு போன வாரம் கேட்ட கேள்விக்கு இவ்ளோ பேர் பதில் போட்டிருக்கீங்க, ரொம்ப நன்றி. இன்டர்னல் எக்ஸாம் பேப்பர் திருத்திட்டு இருந்ததால உடனே எழுத முடியல. ஐயா "ஏதுக்கூறு" சொன்னாங்க, அக்கா "காரணக்கூறு" சொன்னாங்க, தம்பி ஒருத்தர் "முகவுரை"ன்னே வச்சிக்கலாமேன்னாரு. மூணையும் எங்க பிள்ளைங்ககிட்ட எழுதிக் காட்டினேன், அவங்க என்ன சொன்னாங்கன்னு கீழ எழுதுறேன்.

புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. நான் நர்சிங் காலேஜ்ல டியூட்டர், எங்க எஸ்என்ஏ யூனிட்டுக்கு அட்வைசரும் நான்தான். எஸ்என்ஏங்கிறது நர்சிங் மாணவர் சங்கம், 1908ல ஆரம்பிச்ச இந்திய நர்ஸ்கள் சங்கத்தோட கீழ 1929லேர்ந்து இருக்கு. மூணாம் வருஷ பிள்ளைங்க சில பேர் அமெரிக்காவுல இருக்கற தேசிய நர்சிங் மாணவர் சங்கம், அதாவது 1952ல தொடங்கின என்எஸ்என்ஏ, அவங்க ரெசல்யூஷன், அதாவது தீர்மானம், எப்படி எழுதறாங்கன்னு பார்த்துட்டு வந்து "மேடம் நாமளும் தமிழ்ல இதே மாதிரி எழுதலாமா"ன்னு கேட்டாங்க. அங்கதான் சொல் இல்லாம மாட்டிக்கிட்டோம்.

அங்க நடக்கறது இதுதான். ஏதோ ஒரு காலேஜ் பிள்ளைங்க ஒரு விஷயத்தை எடுத்து வரைவு எழுதறாங்க. மேல தலைப்பு, யார் கொடுக்கறாங்க, யார் எழுதினாங்க. அதுக்குக் கீழ "வேர்ஆஸ்"னு ஆரம்பிக்கிற வரிகள், ஒவ்வொண்ணும் ஒரு தகவல், ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் காட்டணும். அப்புறம் "ரிசால்வ்டு", அதாவது "தீர்மானிக்கப்பட்டது"னு ஆரம்பிக்கிற வரிகள், சங்கம் என்ன நிலை எடுக்கணும், யாரை எதுக்கு ஊக்குவிக்கணும்னு. ரெசல்யூஷன்ஸ் கமிட்டி அதைப் பார்த்து எழுதினவங்களோட உக்காந்து சரிபண்ணும், வருஷ மாநாட்டுல எல்லார் கருத்தையும் கேக்கற ஹியரிங் வைப்பாங்க, கடைசியா ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ்ங்கற பிரதிநிதிகள் சபையில மைக் முன்னாடி நின்னு ஆதரவா எதிரா பேசி, திருத்தம் இருந்தா திருத்தி ஓட்டு போடுவாங்க. இருபது வயசு பிள்ளைங்க நடத்தற அவை இது!

இப்ப சொல்லுக்கு வரேன். முதல்ல இது ஏன் எனக்கு இவ்ளோ முக்கியம்னு சொல்லிடறேன். போன வருஷம் எங்க பிள்ளைங்க ஹெபடைடிஸ் பிங்கற கல்லீரல் தொற்றுக்கான தடுப்பூசி விஷயமா ஒரு தீர்மானம் எழுதிட்டு வரச் சொன்னேன். கொண்டு வந்த பேப்பர்ல அனுப்புநர், பெறுநர், பொருள், "மதிப்பிற்குரிய ஐயா", கடைசியில "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்", கீழ முப்பது கையெழுத்து. அது மனு. அவங்க தப்பில்ல, பத்தாம் வகுப்புலேர்ந்து நாம சொல்லிக்கொடுத்த ஒரே வடிவம் அதுதான். மனுவுல எதிர்ல இருக்கறவர் முடிவு எடுப்பார், தீர்மானத்துல நாமளே முடிவு எடுக்கறோம், அந்த வித்தியாசம் முழுக்க அந்த வேர்ஆஸ் வரிகள்லதான் இருக்கு, ஏன்னா "இது இது உண்மை, அதனால நாங்க இந்தப் பக்கம் நிக்கிறோம்"னு சொல்றதுக்கு அதுதான் அஸ்திவாரம்.

இங்கிலீஷ்ல அந்த வேர்ஆஸ் வரியோட தலையில வருது. நாம அதையே தலையில வைக்கப் பார்த்து "ஆதலால்", "அங்ஙனமிருக்க"ன்னு ஏதேதோ போட்டு முழிக்கிறோம். தமிழ்ல அது வரியோட வால்ல வரணும். மனித உரிமைப் பிரகடனத்தோட தமிழ் வடிவத்துல முகவுரையைப் பாருங்க, "அடிப்படையாகவுள்ளதாலும்"னு முடியும். "-ஆலும்", அவ்ளோதான். அந்த ஊரு ரெசல்யூஷன் மொத்தமும் ஒரே நீள வாக்கியம், நடுவுல "அண்ட்" போட்டு போட்டு கோத்துக்கிட்டே போவாங்க. நமக்கு அந்தக் கோக்கற வேலையை ஒரு "உம்" பார்த்துக்குது. நாங்க திருப்பி எழுதினது இது:

"தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று ஏற்பட 6 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு இருப்பதாலும், தடுப்பூசியின் மூன்று தவணைகளும் முடிய ஆறு மாதம் ஆவதாலும், மாணவர்கள் முதலாண்டிலேயே வார்டு பணிக்கு அனுப்பப்படுவதாலும், சேர்க்கை நாளிலேயே முதல் தவணையைத் தொடங்கும்படி எல்லாக் கல்லூரிகளையும் வலியுறுத்துவது என இந்த அவை தீர்மானிக்கிறது."

இதை ஒரு பொண்ணு எழுந்து நின்னு சத்தமா படிச்சா. "தாழ்மையுடன்" எங்கயும் இல்ல. க்ளாஸே அமைதியா இருந்துச்சு.

சரி, அந்த "-ஆலும்" வரிக்குப் பேர் என்ன? ஐயா, "ஏது" தர்க்கத்துல காரணத்துக்குப் பழைய நல்ல சொல், எனக்கும் பிடிக்கும். ஆனா போர்டுல "ஏதுக்கூறு"ன்னு எழுதினதும் பின் பெஞ்சுலேர்ந்து "எது மேடம்?"னு கேட்டாங்க. பேச்சுல "ஏது"ன்னா கேள்வியாதான் காதுல விழுது. "முகவுரை"ன்னா புத்தகத்து முன்னாடி வர்ற நன்றியுரை மாதிரி நினைக்கிறாங்க, படிக்காமலே தாண்டிடுவாங்க, தவிர அது மொத்தத்துக்கும் பேரு, ஒவ்வொரு தனி வரிக்கும் பேரு வேணும். "காரணக்கூறு" பக்கத்துல வருது. ஆனா அக்கா, காரணம்னா யாரும் என்ன வேணாலும் சொல்லலாம், "லீவு எடுத்ததுக்குக் காரணம்" மாதிரி. இந்த வரி காட்டி நிரூபிக்க வேண்டிய வரி.

அதனாலதான் முகாந்திரம். "வழக்குத் தொடர போதிய முகாந்திரம் இருக்கிறது"ன்னு பேப்பர்ல தினமும் வருது, எங்க பிள்ளைங்க எல்லாருக்கும் தெரியும். மேல போறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டிய அடிப்படைன்னு அந்தச் சொல்லுக்குள்ளயே அர்த்தம் இருக்கு. வடசொல்லாச்சேன்னு ஐயா சொல்வீங்க, தெரியும். தனித்தமிழ் வேணும்னா "சான்றுக்கூறு" இருக்கு, ஆனா சான்றுன்னு பின்னாடி இணைக்கற கட்டுரையையும் சொல்றோமே, ரெண்டும் குழம்பும். முகாந்திரம் 1, அதுக்குச் சான்று, முகாந்திரம் 2, அதுக்குச் சான்று, இப்படிப் பிரிச்சா தெளிவா இருக்கு.

இன்னொண்ணு. ராபர்ட்ஸ் ரூல்ஸ்னு 1876ல ராணுவ இன்ஜினியர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் எழுதின கூட்ட விதிகளைத்தான் அந்த ஊர்ல நிறைய சங்கங்கள் கையில வச்சிருக்கு. அதன்படி முதல்ல தீர்மானிக்கிற வரிகளைத் திருத்தி முடிச்சுட்டு, கடைசியிலதான் வேர்ஆஸ் வரிகளைத் திருத்துவாங்க, ஏன்னா முடிவு மாறினா அதுக்கான அடிப்படையும் மாறலாம். முன்னாடி எழுதறது கடைசியில திருத்தப்படுது. "முகவுரை"ங்கற பேர் இதனாலயும் எனக்கு ஒட்டல.

"அடாப்ட்", அதாவது அவை ஓட்டு போட்டு ஏத்துக்கறது, அதைப் பத்தி யாரும் பேசல, அதுதான் எனக்குப் பெரிய கவலை. நாம "தீர்மானம் நிறைவேறியது"ன்னு சொல்றோம், சட்டசபையிலயும் அப்படித்தான். ஆனா "ஆசை நிறைவேறிச்சு"ன்னா நடந்து முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். பிள்ளைங்க தீர்மானம் நிறைவேறினதும் ஊசி போட்டுடுவாங்கன்னு நினைச்சாங்க! ஓட்டு போட்டு ஏத்துக்கிட்டது வேற, நடைமுறைக்கு வர்றது வேற. "ஏற்கப்பட்ட தீர்மானம்"னு எழுதலாம்னு நினைக்கிறேன், பழகின சொல்லை மாத்தறது கஷ்டம்தான், இருந்தாலும் மாணவர் கையேட்டுலயாவது. அதே மாதிரி ஓட்டுக்கு முன்னாடி "தீர்மான வரைவு", அப்புறம்தான் "தீர்மானம்".

மத்ததெல்லாம் சீக்கிரம் முடிச்சிடலாம். டெலிகேட் – பேராளர். ஹவுஸ் – பேராளர் அவை. முன்மொழிதல், வழிமொழிதல், திருத்தம் ஏற்கனவே இருக்கு. ஹியரிங்குக்கு "விசாரணை" வேண்டாம், போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருது, "கலந்தாய்வு"ம் வேண்டாம், நம்ம ஊர்ல அது அட்மிஷன் கவுன்சலிங், "கருத்துக்கேட்பு" சரியா வரும். என்எஸ்என்ஏ தீர்மானத்தோட கடைசி வரியில இதோட நகலை அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் மாதிரி அமைப்புகளுக்கு அனுப்பணும்னும் சேர்த்தே எழுதி ஓட்டுக்கு விடறாங்க. நம்ம ஆபீஸ் லெட்டர்ல "நகல்" கையெழுத்துக்குக் கீழ போகும், இங்க அது தீர்மானத்துக்குள்ளயே வரணும். அதை "அனுப்புகைக் கூறு"ன்னு வைக்கலாமா? எனக்கே முழுத் திருப்தி இல்ல, நல்லதா தோணினா சொல்லுங்க.

அடுத்த செவ்வாய் எங்க யூனிட் கூட்டம். வரைவுத் தாள் அச்சடிக்க சனிக்கிழமை குடுக்கணும், முகாந்திரம்னு போட்டுத்தான் குடுக்கப் போறேன். ஐயா, உங்களுக்கு இன்னும் மறுப்பு இருந்தா வெள்ளிக்குள்ள எழுதுங்க, பிள்ளைங்ககிட்ட படிச்சுக் காட்டிட்டு மாத்தறேன்.