60 வயதைக் கடந்தபின் எருமை வேட்டை: உடலை எவ்வாறு தயார் செய்வது?

கேள்வி (டர்பன்): 62 வயதாகும் நான், வரும் குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணப் புதர்க்காட்டிற்குக் கேப் எருமை (ஆப்பிரிக்கக் காட்டெருமை) வேட்டைக்குச் செல்லவிருப்பதால், அனுபவமுள்ளவர்கள் தக்க பயிற்சியைக் கூறுமாறு வேண்டுகிறேன்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): தம்பி, முதலில் மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். எருமையின் காலடித் தடத்தைப் பின்தொடர்ந்து பல மணி நேரம் நடக்க நேரிடும் என்பதால், காட்டில் அணியும் அதே காலணியோடும் முதுகுச் சுமையோடும் மேடுபள்ளங்களில் நடந்து பழகுங்கள்.

பதில் (சாட்ஸ்வொர்த்): நடை மட்டும் போதாது, ஐயா. முப்பதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைவதால், காலுக்கும் தோளுக்கும் வலுப்பயிற்சி தேவை. மூச்சிரைக்கும்போது சுட்டுக் குறி தவறினால், காயம்பட்ட எருமை தடம் பார்ப்பவரின் உயிருக்கே ஆபத்தாகும் என்பதே என் பெருங்கவலை. ஆகவே படியேறி இறங்கிய உடனேயே, குண்டில்லாத துப்பாக்கியை முக்காலித் தாங்கியில் வைத்துக் குறிபார்த்துப் பழகுங்கள்.

பதில் (பீனிக்ஸ்): முதுமையில் தாகம் குறைவாகவே தோன்றும், தாகமெடுக்காவிட்டாலும் தண்ணீர் அருந்துங்கள்.