டேகேர் கட்டணத்துக்கு எஃப்எஸ்ஏ கார்டு ஓடவில்லை, இரண்டு மாதமாக டிக்ளைன். என்ன செய்வது?

மாரிஸ்வில்காரன் | 2026 பிப்ரவரி 3

வணக்கம். வட கரோலினாவில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், மகளுக்கு இரண்டரை வயது. டேகேரில் மாதம் 1,450 டாலர். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி, அந்த மாதத்துக்கான பணத்தை அவர்களுடைய ஆப் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

போன நவம்பரில் ஓப்பன் என்ரோல்மென்ட் (அலுவலகச் சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் காலம்) வந்தபோது டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏவில், அதாவது பிள்ளைப் பராமரிப்புச் செலவுக்காகச் சம்பளத்திலிருந்து வரி இல்லாமல் பிடித்து வைக்கும் கணக்கில், சேர்ந்தேன். வருட உச்சவரம்பு 5,000 டாலரிலிருந்து 7,500 ஆகிறது என்று ஹெச்ஆர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். சரி என்று முழுவதையும் போட்டேன். டிசம்பர் கடைசியில் கார்டு வீட்டுக்கு வந்தது. டேகேர் ஆப்பில் வங்கிக் கணக்கை எடுத்துவிட்டு இந்தக் கார்டைப் போட்டு வைத்தேன்.

ஜனவரி 1 அன்று டிக்ளைன். விடுமுறை நாள், கார்டு இன்னும் ஆக்டிவேட் ஆகியிருக்காது என்று நினைத்துச் செக் எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரி 1 அன்று மறுபடியும் டிக்ளைன். இந்த முறை டேகேர் 35 டாலர் தாமதக் கட்டணமும் போட்டுவிட்டது. கார்டு நிறுவனத்துக்கு ஃபோன் செய்தால், நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு, "கார்டில் கோளாறு எதுவும் இல்லை" என்கிறார்கள். அப்படியென்றால் கோளாறு எங்கே?

புதுவரவு | பிப்ரவரி 3

ப்ரோ, எஃப்எஸ்ஏ என்றால் வருடத் தொகை முழுவதும் முதல் நாளே கார்டில் இருக்க வேண்டும். நான் போன ஜனவரியில் பல் வேலைக்கு ஒரே நாளில் 1,800 டாலர் தேய்த்தேன், அப்போது என் சம்பளத்தில் ஒரு தவணைகூடப் பிடிக்கவில்லை. உங்கள் கணக்கை அவர்கள் சரியாகத் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். ஹெச்ஆரிடம் கொஞ்சம் கடுமையாகவே எழுதுங்கள்.

தேவாலய டேகேர் | பிப்ரவரி 3

எனக்கு வேறு மாதிரி ஆனது. கடைகளின் கார்டு இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வணிகக் குறியீடு இருக்கிறது. குழந்தைப் பராமரிப்புக்கு 8351. எங்கள் டேகேர் ஒரு தேவாலய வளாகத்தில் நடக்கிறது, இயந்திரமும் தேவாலயத்தின் கணக்கில்தான். அதற்கு 8661, அதாவது மத அமைப்பு. கணக்கில் பணம் இருந்தும் கார்டு ஓடவே இல்லை. நான் காணிக்கை போடுவதாக அது நினைத்திருக்கும். உங்கள் டேகேரின் குறியீட்டை முதலில் கேட்டுப் பாருங்கள்.

சம்பள அக்கா | பிப்ரவரி 3

தம்பி, ஹெச்ஆருக்குக் கடுமையாக எழுதும் முன் சில விவரம் வேண்டும். பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) இதற்காக ஒவ்வொரு முறையும் எவ்வளவு பிடிக்கிறார்கள்? எத்தனை சம்பளம் வந்துவிட்டது? போர்ட்டலில் உள்ளே போனால் "வருடத் தேர்வு" என்று ஒரு தொகையும் "கையிருப்பு" என்று இன்னொன்றும் இருக்கும், இரண்டாவது எவ்வளவு? மனைவியும் தன் அலுவலகத்தில் இதே கணக்குப் போட்டிருக்கிறாரா? கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு ஏற்கெனவே ஏதாவது கிளெய்ம் போட்டீர்களா?

(சம்பளக் கணக்குத் துறையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும்.)

மாரிஸ்வில்காரன் | பிப்ரவரி 4

நன்றி அக்கா. இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம், ஒவ்வொன்றிலும் 288.46 டாலர் பிடிக்கிறார்கள். ஜனவரி 9, 23 என்று இரண்டு வந்தாயிற்று. கையிருப்பு 576.92. மனைவி போடவில்லை.

கிளெய்ம் இரண்டு போட்டேன், இரண்டும் திரும்பி வந்துவிட்டன. ஜனவரிக்கு என் செக் வங்கியில் பணமானதன் ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டேன், "சேவைத் தேதி இல்லை" என்றார்கள். பிப்ரவரிக்கு நேற்று டேகேரின் ரசீதையே போட்டேன், அதில் தேதியெல்லாம் இருந்தது. அதற்கு "சேவை இன்னும் நடக்கவில்லை" என்கிறார்கள். பணம் கட்டியாகிவிட்டது, குழந்தை அங்கேதான் இருக்கிறாள், சேவை எப்படி நடக்காமல் போகும்?

சம்பள அக்கா | பிப்ரவரி 4

இப்போது புரிகிறது. உங்கள் கணக்கிலும் கார்டிலும் கோளாறு இல்லை. இந்தக் கார்டால் செய்ய முடியாத வேலையை அதனிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

முதலில் புதுவரவு சொன்னதைப் பற்றி. அவர் சொல்வது மருத்துவச் செலவுக்கான எஃப்எஸ்ஏவுக்குச் சரி. அதில் வருடத் தொகை முழுவதையும் நிறுவனம் முதல் நாளே திறந்துவிட வேண்டும். பிள்ளைப் பராமரிப்புக் கணக்குக்கு அந்த விதி இல்லை. உங்கள் சம்பளத்தில் பிடித்துப் போட்ட பணம் மட்டும்தான் அதில் இருக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லோரும் இங்கேதான் இடறுகிறார்கள்.

ஜனவரி 1 அன்று அந்தக் கணக்கில் பூஜ்யம். பிப்ரவரி 1 அன்று 576.92. ஆப் கேட்டது 1,450. கேட்ட தொகை முழுதாக இல்லையென்றால் கார்டு பாதியைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் காத்திருக்காது, மொத்தமாக மறுத்துவிடும். இதையே தொடர்ந்தால் மார்ச் 1 அன்றும் மறுக்கும், ஏனென்றால் நான்கு சம்பளத்துக்கு 1,153.84தான் சேர்ந்திருக்கும். ஒரு பைசா தொடாமல் வைத்திருந்தால் ஏப்ரல் 1 அன்று 1,730.76 இருக்கும். அன்றைக்கு ஓடுகிற மாதிரி இருக்கும், மே மாதம் மறுபடியும் காலை வாரும். மாதம் சுமார் 625 டாலர் ஊறுகிற கிணற்றிலிருந்து மாதம் 1,450 இறைக்கப் பார்க்கிறீர்கள்.

அடுத்தது "சேவை நடக்கவில்லை" என்பது. இந்தக் கணக்கில் பணம் கட்டிய நாள் முக்கியமில்லை, பில் போட்ட நாளும் முக்கியமில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்ட நாட்கள் கடந்திருக்க வேண்டும். பிப்ரவரி கட்டணத்தை பிப்ரவரி 1 அன்றே கட்டினாலும், அந்த மாதத்துக்கான கிளெய்ம் மார்ச் 1க்குப் பிறகுதான் முழுதாகச் செல்லும். டேகேர்கள் முன்கூட்டி வாங்குகின்றன, சட்டம் பின்னால்தான் கொடுக்கிறது. இந்த இடைவெளியை உங்கள் சொந்தப் பணத்தால்தான் தாண்ட வேண்டும், வேறு வழி கிடையாது.

அப்படியானால் கார்டு எதற்கு என்று கேட்பீர்கள். வரித்துறையான ஐஆர்எஸ் 2006இல் 2006-69 என்ற அறிவிப்பில் இதற்கு ஒரு வழி சொன்னது. வருடத் தொடக்கத்தில் முதல் செலவை உங்கள் கையிலிருந்து கட்டி, தேதியும் தொகையும் உள்ள ரசீதைக் கொடுக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்ட பிறகு, அந்தச் செலவின் அளவு அல்லது அதுவரை சம்பளத்தில் பிடித்த அளவு, இவற்றில் எது குறைவோ அது கார்டில் ஏறும். அப்புறம் அதே டேகேர், அதே தொகை என்று போய்க்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ரசீது கேட்கமாட்டார்கள். வாரம் 120 டாலர் கட்டுகிற ஆஃப்டர் ஸ்கூல் மாதிரி சின்னத் தொகைக்கு இது வசதி. உங்களுக்கு அல்ல.

செய்ய வேண்டியது: இன்றே ஆப்பில் கார்டை எடுத்துவிட்டு வங்கிக் கணக்கைப் போடுங்கள். ஜனவரிக்கான கிளெய்மை மறுபடி போடுங்கள். டேகேரின் பெயர், குழந்தையின் பெயர், ஜனவரி 1 முதல் 31 வரை என்ற சேவைத் தேதி, தொகை, இவையெல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். வங்கி ஸ்க்ரீன்ஷாட் ஒருபோதும் செல்லாது. பல நிறுவனங்களில் "தொடர் கிளெய்ம்" என்று ஒரு படிவமும் உண்டு. டேகேர் ஒருமுறை கையெழுத்துப் போட்டால் போதும், குறிப்பிட்ட காலம் முழுவதற்கும் தானாக ஓடும். உங்கள் போர்ட்டலில் தேடிப் பாருங்கள்.

மாரிஸ்வில்காரன் | பிப்ரவரி 4

கிணற்றுக் கணக்கு நன்றாகவே உறைத்தது அக்கா. ஒரு சந்தேகம். ஜனவரி கிளெய்ம் 1,450, கணக்கில் 576.92. மீதிக்கு மறுபடி கிளெய்ம் போட வேண்டுமா?

சம்பள அக்கா | பிப்ரவரி 4

வேண்டாம். 1,450ஐயும் ஒரே கிளெய்மாகப் போடுங்கள். இருப்பதைக் கொடுத்துவிட்டு மீதியை நிலுவையில் வைப்பார்கள். அடுத்தடுத்த சம்பளத்தில் பிடிக்கிற 288.46 அப்படியே உங்கள் வங்கிக்குத் திரும்பி வரும்.

இன்னொன்று பாருங்கள். உங்கள் வருடத் தொகை 7,500. மே மாதத்தோடு நீங்கள் டேகேருக்குக் கட்டியிருப்பது 7,250. ஜூனில் இன்னும் 250 டாலருக்கு ரசீது காட்டினால் முழு வருடத்துக்கான ரசீதும் கொடுத்தாயிற்று. அதற்கு மேல் டிசம்பர் வரைக்கும் சம்பளம் வர வர, பணம் மட்டும் வந்துகொண்டிருக்கும். மாதா மாதம் ரசீதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

தேவாலய டேகேர் | பிப்ரவரி 4

கார்டைப் போட்டால் ஆப் தனியாக ஏதாவது பிடித்ததா என்றும் பாருங்கள். எங்கள் ஆப்பில் கார்டுக்கு 3 சதவீதம், வங்கிக் கணக்குக்கு எதுவும் இல்லை. 1,450க்கு அது மாதம் 43.50.

மாரிஸ்வில்காரன் | பிப்ரவரி 4

இப்போதுதான் பார்த்தேன். எங்களுக்கும் அதே 3 சதவீதம்! டிக்ளைன் ஆனதே நல்லது போலிருக்கிறது.

ரெண்டு வாண்டு | பிப்ரவரி 5

இழை நடக்கும்போதே என் கேள்வியையும் நுழைத்துக்கொள்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். 5,000 இருந்த காலத்தில், வரிக் கணக்கோடு போடுகிற பிள்ளைப் பராமரிப்புச் செலவுப் படிவமான ஃபார்ம் 2441இல் 6,000 வரை காட்டி, மீதி 1,000க்கு 20 சதவீதம், 200 டாலர் வரிக் கழிவு வாங்குவேன். 7,500 போட்டால் அது போய்விடுமா?

சம்பள அக்கா | பிப்ரவரி 5

போய்விடும். எஃப்எஸ்ஏவில் வாங்கிய தொகை அந்த 6,000த்திலிருந்து கழிகிறது. ஆனால் கூடுதலாகப் போடுகிற 2,500க்கு 22 சதவீத வரியும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கான 7.65 சதவீதமும் மிச்சமாவதால் ஏறத்தாழ 741 டாலர் வருகிறது. அந்தக் கழிவை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வரி விகிதம் இதைவிடக் குறைவு என்றால் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், அப்போது பதில் மாறலாம். உங்கள் நிறுவனம் புதிய வரம்பை ஏற்றுக்கொண்டதா என்பதையும் கேளுங்கள். எல்லா நிறுவனமும் அதைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஹெச்4 கணவர் | பிப்ரவரி 5

மேடம், மனைவிக்குத்தான் வேலை. நான் ஹெச்-4 (அவரைச் சார்ந்த விசா), ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை கைக்கு வரவில்லை. மகனை வாரம் மூன்று நாள் ப்ரீஸ்கூலில் விடுகிறோம். மனைவி இதில் சேரலாமா? என் அம்மா அடுத்த மாதம் வருகிறார்கள். பாட்டிக்குக் கொடுத்ததாகக் காட்டலாம் என்று ஒரு நண்பர் சொன்னார்.

சம்பள அக்கா | பிப்ரவரி 5

அந்த நண்பரிடம் வரி விஷயம் கேட்காதீர்கள். அம்மா பி-2 என்ற சுற்றுலா விசாவில் வந்தால் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. பார்த்துக்கொள்பவரின் வரி எண்ணையும் ஃபார்ம் 2441இல் எழுத வேண்டும். பேரனைப் பார்க்க வந்தவர்களைப் பணியாளராக ரசீதில் எழுதிச் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம்.

சேரும் விஷயம்: தம்பதி இருவரும் சம்பாதிக்க வேண்டும். யாருடைய வருமானம் குறைவோ அதுதான் வரம்பு, உங்களுடையது பூஜ்யம் என்றால் வரம்பும் பூஜ்யம். ஆனால் நீங்கள் முழுநேரமாகப் படித்தால், படிக்கிற ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பிள்ளைக்கு 250 டாலர் வருமானம் இருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 500. ஈஏடி வந்து வேலையில் சேர்ந்தால் அது வருட நடுவில் இந்தக் கணக்கில் சேர்வதற்கு ஏற்ற காரணம். உடனே மனைவியின் ஹெச்ஆரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் 30 நாள்தான் தருவார்கள்.

புதுவரவு | பிப்ரவரி 5

நான் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். நல்லவேளை, ஹெச்ஆருக்கு அவர் எழுதவில்லை.

மாரிஸ்வில்காரன் | மார்ச் 7

என்ன ஆயிற்று என்று எழுதிவிடுகிறேன். ஜனவரிக்கு டேகேர் மேலாளரிடம் தேதி போட்ட கணக்குத்தாள் வாங்கி பிப்ரவரி 5 அன்று போட்டேன். இரண்டு நாளில் 576.92 வந்தது. அப்புறம் பிப்ரவரி 6, 20, நேற்று மார்ச் 6, மூன்று சம்பளத்துக்கும் 288.46 வந்துவிட்டது. ஜனவரியில் இன்னும் 7.70தான் பாக்கி.

தொடர் கிளெய்ம் படிவம் போர்ட்டலில் "படிவங்கள்" என்ற பக்கத்தின் அடியில், நாலாவது சுட்டியாக ஒளிந்திருந்தது. மேலாளர் கையெழுத்துப் போட்டு, வரி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். ஃபார்ம் 2441க்கும் அதுவே உதவும் என்று நகல் எடுத்து வைத்துவிட்டேன். பிப்ரவரி முதல் ஜூன் முடிய என்று போட்டிருக்கிறேன், ஏற்றுக்கொண்டார்கள். தாமதக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டேன், முதல் முறை என்பதால் அந்த 35 டாலரை எடுத்துவிட்டார்கள்.

ரெண்டு வாண்டு | மார்ச் 7

கார்டை என்ன செய்தீர்கள்?

மாரிஸ்வில்காரன் | மார்ச் 8

அலமாரியில் கிடக்கிறது. ஆகஸ்டில் பக்கத்து வீட்டுப் பையனோடு சேர்த்து ஒரு வாரம் பகல் நேர முகாமுக்கு அனுப்பலாமா என்று மனைவி கேட்டாள். அப்போது வேண்டுமானால் தேய்க்கலாமே என்றேன். "ஜூனோடு ரசீது வேலை முடிஞ்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். ஆமாம், 7,500க்கும் ஏற்கெனவே டேகேர் ரசீது போயிருக்கும். கார்டில் அப்போதும் ஒன்றும் இருக்காது.