விண்டோஸ் 11-க்கு மாறுமுன் டி டிரைவில் உள்ள படங்களைக் காப்பாற்ற வேண்டும், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் கணினியில் இன்னும் விண்டோஸ் 10 தான். அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் 11-க்கு மாற்றப் பார்க்கிறேன். 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பான டி.பி.எம். 2.0 இருக்கிறது. ஆனால் விண்டோஸ் இருக்கும் எஸ்.எஸ்.டி. (சேமிப்பு டிரைவ்), டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய எம்.பி.ஆர். முறையில் இருக்கிறது. 11-க்கு யு.இ.எஃப்.ஐ. (கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய வகை மென்பொருள்) தேவை என்பதால், அதற்கேற்ற புதிய பிரிப்பு முறையான ஜி.பி.டி.க்கு மாற்றியாக வேண்டும்.

ஃபார்மட் செய்யாமல் மாற்ற விண்டோஸிலேயே எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவி உண்டு. அதில் வேலிடேட் (எதையும் மாற்றாமல் சோதிப்பது) மட்டும் கொடுத்துப் பார்த்தேன், தோல்வி என்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், சி-க்குப் பக்கத்தில் பச்சைக் கட்டத்துக்குள் டி நிற்கிறது. அதாவது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (உள்ளே வேறு டிரைவ்களை வைத்துக்கொள்ளும் பகுதி). அந்தக் கருவி இதை ஏற்காது.

அந்த டி-யில்தான் தாத்தா, பாட்டியின் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்த படங்கள் இருக்கின்றன. அசல் பிரிண்டுகள் பல செல்லரித்துப் போய்விட்டன. அதனால் இவை போனால் போனதுதான்.

எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு டி-யை அழிக்கலாம் என்பது என் எண்ணம். காப்பி முழுசாக வந்ததா என்று எப்படி உறுதி செய்வீர்கள்? கோப்பு எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போனால் போதுமா, ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு) பார்க்க வேண்டுமா? ஒரே ஒரு காப்பியை நம்பி அழிக்க மனம் வரவில்லை.

அப்புறம், உள்ளே இன்னொரு 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கும் இருக்கிறது. அதில் டேட்டா மட்டும்தான், எனவே எம்.பி.ஆர்.ஆகவே விட்டுவிடலாம் என நினைக்கிறேன். விண்டோஸ் நிறுவும்போது அதன் சாட்டா கேபிளைக் கழற்றி வைப்பது நல்லதா? இப்படி மாற்றிய அனுபவம் உள்ளவர்கள், எந்த வரிசையில் செய்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.