அலாஸ்கா நெடுஞ்சாலையில் மோட்டார்ஹோம்: அறுபதை ஒட்டிய நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகலாமா?

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி

வணக்கம். மகள் கனடாவில் எட்மன்டனில் இருக்கிறாள். வரும் ஆகஸ்ட்டில் அங்கே போகிறோம், மூன்று மாதம் இருப்போம். அதில் கொஞ்ச நாளை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று ஒதுக்கி, மோட்டார்ஹோம் (அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி) வாடகைக்கு எடுத்து, அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாகக் கனடாவின் யூக்கான் பகுதியில் இருக்கிற ஒயிட்ஹார்ஸ், டாசன் சிட்டி வரை போய்வர வேண்டும் என்பது வீட்டுக்காரரின் ரொம்ப நாள் ஆசை. 27 வருடம் லாரி ஓட்டியவர். மாங்கூழ் ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகம், கிரானைட் ஏற்றிக்கொண்டு வடக்கே என்று ஓடியவர். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை என்னை நாக்பூர் வரை கேபினில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். அதற்குப்பிறகு பிள்ளைகள், என் பள்ளிக்கூட வேலை என்று காலம் போய்விட்டது. போன வருடம்தான் நான் ஓய்வு பெற்றேன்.

அவர் போட்டிருக்கிற கணக்கு 20 நாள். அதுவும் டாசன் சிட்டியோடு நிற்காமல் டெம்ப்ஸ்டர் என்கிற சரளை ரோட்டில் ஏறி, இன்னும் வடக்கே இருக்கிற இனுவிக் ஊர் வரைக்கும். "நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்" என்கிறார். எனக்கும் கார் லைசென்ஸ் இருக்கிறது, பர்கூர் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு வருடம் நானே ஓட்டிப் போய்வந்தேன். ஆனால் இது பெரிய வண்டி. அவருக்குச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின் போடுகிறார். ஆள் இல்லாத இடத்தில் அவருக்கு ஏதாவது என்றால் நான் என்ன செய்வேன் என்பதுதான் என் பயம். நாள் போதுமா, சமைக்க முடியுமா, கரடி தொல்லை எப்படி, போய்வந்தவர்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, எனக்கும் போக ஆசைதான்.

பாலக்கோடு_தக்காளி_மண்டி

அக்கா, நானும் என் மனைவியும் 2019 ஆகஸ்ட் கடைசியில் எட்மன்டனில் வண்டி எடுத்து இதே வழியில் போனோம். தாராளமாகப் போகலாம். ஆனால் அண்ணன் போட்ட கணக்கு லாரிக்காரர் கணக்கு, லோடு இறக்கப் போகிறவருக்குச் சரி.

தூரத்தைப் பாருங்கள். எட்மன்டனிலிருந்து டாசன் கிரீக் சுமார் 590 கிலோமீட்டர், அலாஸ்கா நெடுஞ்சாலையின் பூஜ்ஜியம் மைல் கல் அங்கேதான். அங்கிருந்து ஃபோர்ட் நெல்சன் 450, பிறகு லியார்டு வெந்நீர் ஊற்று 310, வாட்சன் லேக் 210, ஒயிட்ஹார்ஸ் 440, டாசன் சிட்டி இன்னொரு 530. போய்வர 5,000 தாண்டும். நம் ஊர் வழியாகப் போகிற என்.எச். 44 முழுசும், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும், சுமார் 4,100தான். இதை 20 நாளில் ஓட்டினால் ரோடு மட்டும்தான் பார்ப்பீர்கள். 30 நாள் வையுங்கள், ஒரு நாளைக்கு 300க்கு மேல் வேண்டாம், மூன்று நாள் ஓட்டினால் ஒரு நாள் வண்டியை அசைக்காதீர்கள். 24, 25 அடி வண்டி நூறு கிலோமீட்டருக்கு 25 லிட்டர் பெட்ரோல் குடிக்கும், அதாவது மொத்தம் 1,250 லிட்டருக்கு மேல். வாடகையிலும் நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைத்து, அதற்குமேல் தனியாகப் பணம் கேட்பார்கள். முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

டெம்ப்ஸ்டரை விட்டுவிடுங்கள். 700 கிலோமீட்டருக்கு மேல் சரளை ரோடு, ஆரம்பத்திலிருந்து ஈகிள் பிளெய்ன்ஸ் வரை 369 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. வாடகை மோட்டார்ஹோமைப் பெரும்பாலும் அந்த ரோட்டில் விடமாட்டார்கள், மீறிப் போனால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. அண்ணன் ஆசைப்பட்டால் ஒயிட்ஹார்ஸில் அந்த ரோட்டுக்கு அனுமதி தருகிற வேறு வண்டியை வாடகைக்கு எடுத்து, டூம்ஸ்டோன் மலை வரைக்குமாவது போய்வாருங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அந்த மலைச்சரிவு முழுக்கச் சிவந்து கிடக்கும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன், அது நியாயமான பயம். மஞ்சோ லேக் பக்கத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. என் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியும், ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் என் பெயரை மட்டும்தான் போட்டிருந்தேன், அவள் ஸ்டியரிங்கைத் தொட்டால் இன்சூரன்ஸ் செல்லாது. அன்று ராத்திரி ஹீட்டர் வேறு நின்றுவிட்டது. கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்துத் தண்ணீர் வழிகிறது. அவள் என் ஜெர்கினைப் போட்டுக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்வி, வண்டியின் பக்கவாட்டில் இருக்கிற ஒவ்வொரு சின்னக் கதவாகத் திறந்து அதில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து, கடைசியில் கேஸ் வால்வைக் கண்டுபிடித்தாள். நான் உள்ளே படுத்துக்கொண்டு இடது பக்கம் பார், வலது பக்கம் பார் என்று கத்திக்கொண்டிருந்தேன், அதுவும் தப்பு. வண்டி எடுத்த அன்றே அவளையும் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் காட்டச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அங்கேயே இரண்டு நாள் கிடந்தோம்.

அதனால் அக்கா, நீங்களும் ஓட்டுநர். உங்கள் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கிடைக்கும், ஒரு வருடம் செல்லும், இரண்டு பேரும் எடுங்கள். அந்த அளவு மோட்டார்ஹோமுக்கு அங்கே சாதாரணக் கார் லைசென்ஸ் போதும், ஆட்டோமேட்டிக் கியர்தான். கழிவுத் தொட்டி காலி செய்வதையும் கற்றுக்கொள்ளுங்கள். குழாயை மாட்டி, முதலில் கக்கூஸ் தொட்டி வால்வு, அது முழுக்க இறங்கியபிறகு பாத்திரம் கழுவின தண்ணீர் வால்வு. இந்த வரிசையில் செய்தால் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். கக்கூஸ் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள், முக்கால்வாசி நிறைந்தபிறகு திறங்கள்.

ஓசூர்_ரிங்ரோடு

இவ்வளவு பெட்ரோல் ஊற்றுவதற்கு ஒரு சின்னக் காரை எடுத்து லாட்ஜில் தங்கிக்கொண்டே போகலாமே? பின்னால் எடுப்பதும் சுலபம். வயதான காலத்தில் கழிவுத் தொட்டியெல்லாம் எதற்கு?

பாலக்கோடு_தக்காளி_மண்டி

பணக் கணக்கில் நீங்கள் சொல்வது பெரிய தப்பில்லை. ஆனால் ஃபோர்ட் நெல்சனுக்கும் வாட்சன் லேக்குக்கும் நடுவில் தங்குமிடம் சொற்பம், சீசனில் நிறைந்துவிடும். சர்க்கரைக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். சீட்டுக்குப் பின்னாலேயே அடுப்பும் படுக்கையும் இருப்பதன் அருமை அங்கே போனால்தான் தெரியும்.

தர்மபுரி_நர்ஸ்_ஒயிட்ஹார்ஸ்

அம்மா, நான் தர்மபுரிப் பெண், இப்போது ஒயிட்ஹார்ஸில் இருக்கிறேன். யூக்கான் நம் தமிழ்நாட்டைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் பெரிசு, ஆனால் 2021 கணக்கெடுப்பில் மொத்த ஜனமே 40,232. அதிலும் 28,201 பேர் ஒயிட்ஹார்ஸ் ஊருக்குள்ளேயே. அதனால் ஊர் தாண்டினால் மணிக்கணக்கில் போனில் சிக்னல் இருக்காது. சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்புகிற கைக்கருவி ஒன்று வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செய்யுங்கள், தினமும் சாயங்காலம் மகளுக்கு ஒரு வரி. அவசரப் பொத்தான் எது என்று உங்கள் கைக்கும் பழக்கமாகட்டும்.

இன்சுலின் விஷயம் கவனம். வண்டி ஃபிரிட்ஜ் பல நேரம் கேஸில் ஓடும் வகை. வண்டி சாய்வாக நின்றால் அது சரியாகக் குளிராது, அதேசமயம் உள்ளே பின்பக்கத் தகட்டை ஒட்டி வைத்த பொருள் உறைந்துவிடும். உறைந்த இன்சுலினைப் பிறகு போடவே கூடாது. கதவுப் பக்கம் வையுங்கள், சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே இருக்கட்டும். மருந்தில் பாதியை இன்னொரு பையில் பிரித்து வையுங்கள். அப்பா ஓட்டும்போது உடம்பு வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே ஓரம் கட்டச் சொல்லி குளுக்கோஸ் கொடுங்கள். சர்க்கரை ஏறி, அவர் தெளிந்து முக்கால் மணி நேரம் ஆகும்வரை அவர் ஓட்டக்கூடாது, நீங்கள்தான் ஓட்ட வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் பழகவேண்டும் அம்மா. பழைய வியாதியையும் சேர்க்கிற பயண மருத்துவக் காப்பீடு எடுங்கள், சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள்.

கரடியைப் பற்றிச் சொன்னால், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி அறுப்புக் காலத்தில் யானை வருமே, அப்போது ராத்திரியில் எப்படி நடந்துகொள்வோமோ அதே புத்தி போதும். சாப்பாட்டு வாசனை வெளியே கிடக்கக்கூடாது, குப்பையை அன்றன்றே கரடி திறக்க முடியாத தொட்டியில் போட வேண்டும், தனியாக நடக்காமல் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். கருவாடு வேண்டவே வேண்டாம். கரடி ஸ்பிரே இங்கே வந்து வாங்குங்கள், விமானத்தில் கொண்டுவர முடியாது. கரடியைவிட ரோட்டில் நிற்கிற காட்டெருமைதான் உண்மையான ஆபத்து. லியார்டு பக்கம் கூட்டமாக நடுரோட்டில் நிற்கும், ஹார்ன் அடிக்காமல் அது நகரும்வரை நில்லுங்கள், இருட்டினபிறகு ஓட்டாதீர்கள்.

சமையல்: இங்கே கரண்ட் 120 வோல்ட், நம் ஊர் மிக்ஸி ஓடாது. யூக்கான் அரசு முகாம்களில் கரண்டே கிடையாது, விறகு மட்டும் இலவசம். கேஸ் அடுப்பில் ராகிக் களி அருமையாக வரும், தாளிக்கும்போது மட்டும் கூரை ஜன்னலைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் புகை அலாரம் அலறும். ஊரிலிருந்து கொண்டுவருகிற மாவு, பொடி எல்லாவற்றையும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

காட்டுத்தீயும் இருக்கிறது. 2024 மே மாதம் ஃபோர்ட் நெல்சன் ஊரையே காலி செய்யவைத்தார்கள். காலையில் கிளம்பும் முன் ரோடு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போட வேண்டும். ஆகஸ்ட் கடைசி நல்ல காலம், கொசு குறைந்திருக்கும், ராத்திரி இருட்ட ஆரம்பித்திருப்பதால் வானத்தில் பச்சை ஒளி ஆடுவதையும் பார்க்கலாம்.

தொப்பூர்_கணவாய்

அண்ணனுக்கு ஒரே ஒரு வார்த்தை. தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குவோமே, ஸ்டீம்போட் மலையிலும் சம்மிட் லேக்கிலும் அப்படியே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாதீர்கள். வண்டியில் டோ ஹால் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கினால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, பின் சக்கரத்துக்குப் பின்னால் பெட்டி நீளமாக இருப்பதால் திருப்பும்போது வால் எதிர்ப்பக்கம் வீசும், பங்கில் தூண் பக்கத்தில் நிறுத்தினால் கவனம். அக்காவைக் காலியான மைதானத்தில் ஒரு நாள் முழுக்க ஓட்டவிடுங்கள். வலது பக்க ரோடு உங்கள் இரண்டு பேருக்குமே புதுசு, 27 வருட அனுபவம் அதில் கணக்கில்லை.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பிட்டபிறகு அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இடுப்பு பிடித்த கதையில் நிறுத்தச் சொல்லி, திரும்பப் படிக்கச் சொன்னார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "உன் லைசென்ஸ் எங்கே இருக்கு, எப்போ முடியுது?" என்று கேட்டார். 30 நாள் என்று ஆகிவிட்டது. இனுவிக் இல்லை. லியார்டில் மூன்று நாள் வேண்டும் என்பது என் பங்குக்கு நான் கேட்டது. ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியல் போட்டவர்களுக்கு வெந்நீர் ஓடையை விட்டு எழ மனசு வருமா?

இன்று காலை கே.ஆர்.பி. அணைப் பக்கம் அவருடைய நண்பரின் டெம்போ டிராவலரைக் கொடுத்து ஓட்டச் சொன்னார். இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து மூன்று தடவை பின்னால் எடுத்தேன். மூன்றாவது தடவை அவர் இறங்கி நின்று கை காட்டாமல் பேசாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

இன்னும் ஒரு கேள்வி. வாட்சன் லேக்கில், 1942இல் ரோடு போட வந்த ஒரு ராணுவ வீரர் வீட்டு நினைப்பில் தன் ஊர்ப் பலகையை நட்டதிலிருந்து எல்லோரும் ஊர்ப் பெயரை அடித்துவிட்டு வருகிறார்களாமே. நம்பர் பிளேட் எழுதுகிறவரிடம் தமிழில் "கிருஷ்ணகிரி 635001" என்று எழுதி வாங்கலாம் என்று இருக்கிறோம். அந்தக் குளிருக்குத் தகரம் நல்லதா, அலுமினியம் நல்லதா?

பாலக்கோடு_தக்காளி_மண்டி

அலுமினியம் அக்கா, துருப்பிடிக்காது, பெட்டியிலும் கனம் தெரியாது. நாலு மூலையிலும் இங்கேயே ஓட்டை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தியல், ஆணி அங்கே கேட்டால் தருவார்கள். எங்கள் பாலக்கோடு பலகை நீல நிறம், பெரிய எழுத்து. கண்ணில் பட்டால் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.