இடிபாட்டுக் குவியலா, சரற்கோளா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சிறுகோள் பயணச் சொற்பட்டியலில் ‘rubble pile asteroid’ என்பதற்கு நீங்கள் போட்டிருக்கும் ‘இடிபாட்டுக் குவியல் சிறுகோள்’ எனக்குச் சரியாகப் படவில்லை. இடிபாடு என்றதும் இடிந்த வீடுதான் கண்ணில் வருகிறது. இங்கே பொருளே வேறு: ஒன்றோடொன்று ஒட்டாத கற்கள், சொந்த ஈர்ப்பில் சேர்ந்து கிடக்கின்றன.

என் பரிந்துரை ‘சரற்கோள்’. போன மாதம் எங்கள் முற்றத்தில் டெம்போவில் சரல், அதாவது சரளைக்கல், கொண்டுவந்து தட்டினார்கள். பேரன் ஓடிப்போய் ஏறினான். கெண்டைக்கால் வரை புதைந்து, சரலோடு சேர்ந்து கீழே சறுக்கினான். 2020 அக்டோபரில் பென்னு என்ற சிறுகோளில் நடந்ததும் இதுதான். மாதிரி எடுக்கத் தொட்ட நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கை அரை மீட்டர் போல உள்ளே இறங்கிவிட்டது. உந்திகள் இயங்கி மேலே தூக்கியிராவிட்டால் இன்னும் புதைந்திருக்கும். அதற்கு முன்பே ஒரு திகைப்பு. 50 மீட்டர் அகலத்தில் சமதளம் கிடைக்கும் என்று திட்டமிட்டுப் போனார்கள். எங்கு பார்த்தாலும் பாறை. கடைசியில் கிடைத்தது 16 மீட்டர். லேசர் வழிகாட்டலை விட்டு, கைக்காவலாக வைத்திருந்த, படங்களை ஒப்பிட்டு இறங்கும் முறைக்கு மாறினார்கள். அந்த மாற்றுவழி மட்டும் இல்லையென்றால்?

சிறுகோளை மோதித் தள்ளிப் பார்க்க நாசா அனுப்பிய டார்ட் விண்கலத்திலும் அப்படித்தான், நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. 2022 செப்டம்பர் 26 அன்று டைமார்போஸ் என்ற குட்டிச் சிறுகோளில் மோதியது. பெரிய சிறுகோளான டிடிமோஸை அது சுற்றிவரும் காலம் 73 வினாடி மாறினாலே வெற்றி என்றிருந்தார்கள். 11 மணி 55 நிமிடத்தில் 32 நிமிடம் குறைந்தது. மோதலோடு, பின்னால் பீறிட்ட கல்லும் தூசியும் சேர்ந்து தள்ளின. கெட்டிப் பாறையா, தளர்ந்த குவியலா என்பதைப் பொறுத்து இந்தத் தள்ளல் மாறும். பூமியைக் காக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். அதனால்தான் அது பெயரிலேயே இருக்கட்டும் என்கிறேன்.

சரல் பொடிக்கல், பென்னுவில் வீடு அளவுப் பாறையும் உண்டே என்பீர்கள். உண்மை. ஆனாலும் அளவை விட ஒட்டாமை முக்கியம். சரல் நம் குமரி வழக்கு என்றாலும், சரளை என்றால் மற்ற ஊர்க்காரருக்கும் புரியும். சொற்புணர்ச்சியில் ‘சரல்’ ‘சரற்’ ஆகி மறைகிறதா? கற்கண்டில் கல் தெரிகிறதே.

அப்புறம், சிதறல் தரும் கூடுதல் தள்ளலுக்குப் ‘பின்னுதை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஐரோப்பிய விண்கலம் ஹேரா டைமார்போஸைப் போய்ப் பார்ப்பதற்குள் இரண்டையும் முடிவு செய்துவிடுவோம், அண்ணாச்சி.