மறுமொழி: 'லெசன் ஸ்டடி'க்குத் தமிழில் என்ன சொல்வது? 'உடன்பயில்வு' சரிவருமா?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, நடத்திப் பார்த்து, திருத்திக்கொள்ளும் ஜப்பானிய வழக்கம்தான் 'லெசன் ஸ்டடி'. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். காலாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்த வேண்டியிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இதுவரை வந்திருப்பவை நான்கு சொற்கள்: பாட ஆய்வு, பாடக் கூராய்வு, மாதிரிப் பாடம், கூர்பாடம். நான் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன், 'பாட ஆய்வு' ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் இங்கே ஆதரவு அதிகம்.

> மூலத்தில் இருப்பதை அப்படியே கொண்டுவந்தால் போதும். ஸ்டடி என்றால் ஆய்வு. இதில் குழப்பத்துக்கே இடமில்லை.

ஐயா, அகராதிப்படி நீங்கள் சொல்வது சரி. ஜப்பானிய மூலமும் உங்கள் பக்கம்தான். அங்கே இதன் பெயர் ஜுக்யோ கென்க்யூ. ஜுக்யோ என்றால் வகுப்பில் நடக்கும் பாடம், கென்க்யூ என்றால் ஆராய்ச்சி. ஆனால் இந்தச் சொல்லை நாளும் சொல்லப்போகிறவர்கள் பள்ளி ஆசிரியர்கள். எங்களுக்கு 'ஆய்வு' என்றால் ஒரே பொருள்தான். "நாளைக்கு ஆய்வு" என்று தலைமையாசிரியர் சொன்னால், அன்று மாலையே பாடக்குறிப்பேடுகள் மேசைக்கு வந்துவிடும், பதிவேடுகளில் விட்டுப்போன கையெழுத்துகள் நிரம்பும், சுவரில் பழைய சார்ட் போய்ப் புதிய சார்ட் ஏறும். ஆண்டாய்வு, அலுவலர் ஆய்வு, திடீர் ஆய்வு என்று பணிக்காலம் முழுக்கக் கேட்டுப் பழகிய சொல் அது. அதே சொல்லைச் சொல்லி "உங்கள் வகுப்பில் நாலு பேர் வந்து உட்காரப் போகிறோம்" என்றால் எந்த ஆசிரியர் கதவைத் திறப்பார்?

'கூராய்வு' இன்னும் சிக்கல். நாளிதழ்களில் பிரேதப் பரிசோதனைக்கு அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். 'மாதிரிப் பாடம்' என்பது பயிற்சிகளில் கருத்தாளர் நடத்திக்காட்டும் குறையில்லாத வகுப்பு. நாம் பேசுவதோ, குறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே நடத்தும் வகுப்பு. 'கூர்பாடம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கூர்ந்து பார்ப்பது, கூராக்குவது இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் பாடம் கூராவது மட்டும்தான் தெரிகிறது, பலர் சேர்ந்து செய்வது தெரியவில்லை. அதனால்தான் தயங்குகிறேன்.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளைக்குத் திட்டமிடுவார்கள். ஒருவர் அதை நடத்துவார். மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை என்ன செய்கிறது என்பதை எழுதுவார்கள். முடிந்ததும் பேசுவார்கள், திட்டத்தை மாற்றுவார்கள், பல நேரம் வேறொரு வகுப்பில் மறுபடி நடத்துவார்கள். ஜப்பானில் மெய்ஜி காலத்தில் (1868–1912) முளைத்த வழக்கம் இது. 1999-இல் கல்வி ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் எழுதிய நூலுக்குப் பிறகுதான் வெளியுலகம் இதைப் பரவலாகப் பேசத் தொடங்கியது.

நாங்கள் இதை எந்தப் பெயரும் இல்லாமல்தான் செய்துபார்த்தோம். வடசென்னையில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளில் கணக்கு எடுக்கும் ஐந்து பேர். ஐந்தாம் வகுப்பு, பின்னங்களை ஒப்பிடுதல். நான் நடத்தினேன். முதலில் 1/2, 1/4 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். அடுத்து 1/3, 1/4. பாதி வகுப்பு 1/4 பெரியது என்றது. இது எங்கும் நடக்கும் தவறுதான், 4 பெரிய எண் என்பதால் 1/4 பெரியது என்று நினைக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். பதினைந்து வருடமாகத் தெரியும். தாளை மடிக்கச் சொன்னேன், வட்டம் வரைந்தேன், பாடவேளை முடிந்தது.

அப்புறம் உட்கார்ந்து பேசும்போது, மூன்றாம் வரிசையில் ஒரு பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த டீச்சர் தன் குறிப்பைப் படித்தார். அந்தப் பிள்ளை முதல் கணக்கைப் பார்த்ததும் வாய்க்குள் "அரை, கால்" என்று சொல்லிக்கொண்டதாம். "அரைதான் பெரிசு" என்று உடனே எழுதிவிட்டது. இரண்டாவது கணக்கில் 1/3 வந்ததும் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றது. பிறகு "மூணு... நாலு... நாலு பெரிசு" என்று எழுதியது. அதாவது முதல் கணக்கில் அது பின்னத்தைப் பார்க்கவே இல்லை. வீட்டிலும் கடையிலும் கேட்ட கால் கிலோவையும் அரை லிட்டரையும்தான் ஒப்பிட்டது. மூன்றில் ஒன்றுக்கு அப்படி ஒரு வீட்டுச் சொல் அதன் காதில் விழுந்ததே இல்லை.

பலகை முன்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. 'எல்லாரும் முதல் கணக்கைச் சரியாகச் சொன்னார்கள்' என்று நான் மகிழ்ந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது. அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பிள்ளைகள் இப்படி என்னைக் கடந்து போயிருப்பார்கள்!

இரண்டு வாரம் கழித்து இன்னொரு பள்ளியில் வேறொருவர் நடத்தினார். எடுத்த எடுப்பில் பலகைக்குப் போகவில்லை. அரை லிட்டர் பால் பாக்கெட் அளவுக்குத் தண்ணீர் எடுத்து, மூன்று டம்ளரில் சமமாக ஊற்றினார். அதே அளவை மறுபடி எடுத்து நான்கு டம்ளரில் ஊற்றினார். டம்ளர் கூடக் கூட ஒவ்வொன்றிலும் தண்ணீர் குறைவதைப் பிள்ளைகளே சொன்னார்கள். "நாலு பேர் வந்தா எனக்குக் கம்மியாத்தான் கிடைக்கும்" என்றான் ஒரு பையன். எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அங்கேயும் தவறு செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்று இப்போது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

கால், அரை என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது பவணந்தியார் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் காற்கூறுதான் நிற்கும். "அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்", அதாவது அதே வேலையில் இருப்பவர்களோடு பயில்வதில் இன்னொரு கால். மீதி இரண்டு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. அவர் சொன்னது மாணாக்கரைப் பற்றித்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்தக் கணக்கை ஆசிரியர் பணிக்கு வைத்துப் பாருங்கள். கருத்தாளர் சொல்லக் கேட்பது முதல் கால். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையத்திலும் குறுவள மையத்திலும் அது நடக்கிறது. நாள்தோறும் வகுப்பெடுப்பது இரண்டு கால். அதற்கும் குறைவில்லை. நடுவில் இருக்கும் அந்த ஒரு கால், அதே வினை செய்பவரோடு பயில்வது, எங்கே இருக்கிறது? இடைவேளையில் டீ குடிக்கும்போது கொஞ்சம், பயிற்சிக்குப் போய்த் திரும்பும் பேருந்தில் கொஞ்சம். அவ்வளவுதான்.

அதனால்தான் 'பயில்' என்ற வேர் வேண்டும் என்கிறேன். அதில் கற்பதும் இருக்கிறது, பழகுவதும் இருக்கிறது. 'பயிற்சி' ஏன் போதாது என்று கேட்கலாம். முயல் என்பதிலிருந்து முயற்சி வந்ததுபோல, பயில் என்பதிலிருந்து வந்ததுதான் பயிற்சியும். இலக்கணப்படி அது நாமே செய்வது. ஆனால் வழக்கில் அது பிறர் நமக்குத் தருவதாகிவிட்டது. பயிற்சி கொடுக்கிறார்கள், பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், பயிற்சியில் கையெழுத்து வாங்குகிறார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொடர் பணித்திறன் மேம்பாடு வேண்டும் என்கிறது. ஆசிரியரின் சொந்த விருப்பத்தை ஒட்டி அது அமைய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவது பகுதிக்கு உயிர் கொடுக்க, நாமே செய்வது என்று தெரிகிற ஒரு சொல் தேவை.

என் பரிந்துரை: உடன்பயில்வு. நிகழ்வு, பகிர்வு, மகிழ்வு போலப் பயில்வு. உடன்பிறப்பு, உடன்பாடு போல உடன். "வெள்ளிக்கிழமை எங்க பள்ளியில உடன்பயில்வு இருக்கு, வாங்க டீச்சர்" என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் இடறவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜப்பானியர் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். முழுச் சுற்றுக்கும் பெயர் ஜுக்யோ கென்க்யூ. அந்தச் சுற்றில் நடத்திப் பார்க்கும் அந்த ஒரு வகுப்புக்குப் பெயர் கென்க்யூ ஜுக்யோ. சொற்களை முன்பின்னாக மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவே. தமிழிலும் இரண்டு வேண்டும். சுற்றுக்கு உடன்பயில்வு என்றால், அந்த வகுப்புக்கு பயில்பாடம் என்று வைக்கலாம். பயின்ற பாடம், பயில்கின்ற பாடம், பயிலும் பாடம் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. முதல்முறை நடத்தியது, இப்போது நடத்துவது, மாற்றி நடத்தப்போவது எல்லாம் அதற்குள் வரும்.

> புதுச் சொல் எதை வைத்தாலும் ஆசிரியர்கள் ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். வீண் வேலை.

அம்மா, உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சென்னையிலேயே மாறாக நடந்திருக்கிறது. 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் தொடங்கியது செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து கற்கும் முறை. பேச்சில் ஏ.பி.எல். என்றுதான் சொன்னோம், உண்மை. ஆனால் அதனோடு வந்த கம்பிப் பந்தல் (பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடுவது), கீழ்மட்டக் கரும்பலகை (பிள்ளைகள் எழுதுவது), ஏணிப்படி (கற்கும் படிகளைக் காட்டும் அட்டவணை) ஆகியவற்றை யாரும் ஆங்கிலத்தில் சொன்னதில்லை. கண்ணெதிரே இருந்த பொருளுக்கு வைத்த பெயர் என்பதால் பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள். ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறையோடு வந்த 'வளரறி மதிப்பீடு' (பிள்ளை கற்றுக்கொண்டிருக்கும்போதே செய்யும் மதிப்பீடு) என்ற சொல் முதலில் எனக்கே புரியவில்லை. பதிவேட்டில் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. வளர்வதை அறிவது என்று ஒருநாள் பிரித்துப் பார்த்தபோது, எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. முதலில் வேலை நடக்க வேண்டும், அதன் நோட்டில் சொல் இருக்க வேண்டும். பழக்கம் தானே வரும்.

'பாடம் பயில்வது மாணவர்தானே, ஆசிரியருக்கு எப்படிப் பொருந்தும்' என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். பின்னத்தில் நான் தெரிந்துகொண்டதை மேலே எழுதியிருக்கிறேன். அன்று அந்த வகுப்பில் பயின்றவர்களில் நானும் ஒருத்தி.

ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை, உதவி வேண்டும். பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து குறிப்பெடுப்பவரை என்ன சொல்வது? 'பார்வையாளர்' என்றால் வேடிக்கை பார்க்க வந்தவர் போலிருக்கிறது. 'கண்காணிப்பாளர்' என்றால் தேர்வு அறை ஞாபகம் வருகிறது, பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். எங்கள் நோட்டில் அந்தக் கட்டத்துக்குத் தலைப்பாக ஒரு டீச்சர் 'பக்கத்தில் உட்கார்ந்தவர்' என்று எழுதியிருக்கிறார். 'அருகிருப்பவர்' என்று சுருக்கலாமா, இல்லை அவர் எழுதியதையே வைத்துக்கொள்ளலாமா? அடுத்த சுற்று தீபாவளி விடுமுறை முடிந்ததும் தொடங்குகிறது. அதற்குள் எழுதுங்கள், புது நோட்டில் கோடு போடும்போது சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
வடசென்னையிலிருந்து ஒரு கணக்கு ஆசிரியை